ஆட்குறைப்புக்குப் பிறகு: வேலையை முதலில் தேர்ந்தெடுங்கள், வகுப்பைப் பிறகு

ஆட்குறைப்புக் கடிதம் கைக்கு வந்த வாரத்தில் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு: பயிற்சி வகுப்பில் பெயர் கொடுப்பது. சிங்கப்பூரில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தொடங்கியதிலிருந்து, திறனை வளர்த்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டுக் கேட்டே நமக்குப் பழகிவிட்டது. வேலை போனதும் கை தானாக ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தைத் திறக்கிறது. கணக்கில் பணம் இருக்கிறது, கட்டணத்தில் பெரும்பகுதியை அரசாங்கம் கொடுக்கிறது, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவும் மனம் வரவில்லை. ஏதோ ஒரு தரவுப் பகுப்பாய்வு வகுப்பு, இல்லாவிட்டால் மின்னிலக்கச் சந்தைப்படுத்தல். நான்கைந்து மாதம் கழித்துச் சான்றிதழ் கையில் இருக்கும். நேர்காணல் அழைப்பு இருக்காது.

உதவிக்குப் பஞ்சமில்லை. உலகத்தில் வேலை இழந்தவருக்கு மறுபயிற்சி தர இவ்வளவு செலவழிக்கும் சின்ன நாடுகள் அதிகம் கிடையாது. கோளாறு வரிசையில்தான் வருகிறது. எந்த வேலைக்குப் போகப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு அதற்கு என்ன பயிற்சி வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இந்தத் திட்டங்கள் கைகொடுக்கின்றன. வகுப்பில் முதலில் சேர்ந்துவிட்டு வேலை தானாக வரும் என்று காத்திருப்பவர்கள் அரசாங்கத்தின் பணத்தையும் தங்கள் மாதங்களையும் சேர்த்தே கரைக்கிறார்கள்.

2024இல் மட்டும் இங்கே சுமார் 13,000 பேர் ஆட்குறைப்புக்கு ஆளானார்கள். 2025 ஜூலை 31ஆம் தேதி ஜெட்ஸ்டார் ஏஷியா விமான நிறுவனம் மூடப்பட்டபோது 500க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அதில் திறமைக் குறைவு, வேலைக் குறைவு என்று எதுவும் கிடையாது. ஆகவே குற்ற உணர்வைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் காகிதங்களை எடுங்கள்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

"நீங்களே ராஜினாமா செய்துவிடுங்கள், உங்கள் பெயருக்கு நல்லது" என்று மனிதவளத் துறையிலிருந்து யாராவது இனிமையாகச் சொன்னால், இனிமையாகவே மறுத்துவிடுங்கள். பெயருக்கு நல்லதோ இல்லையோ, பணத்துக்குக் கெடுதல். கீழே சொல்லப்போகும் வேலை தேடுவோர் உதவித்தொகை, விருப்பமில்லாமல் வேலை இழந்தவருக்கு மட்டுமே உரியது. ஆட்குறைப்பு, நிறுவனம் மூடல், பணிநீக்கம், நோயாலோ விபத்தாலோ வேலையிலிருந்து நிறுத்தப்பட்டது ஆகியவை அதில் அடங்கும். ராஜினாமா அடங்காது. ஆட்குறைப்பு என்ற சொல்லும் கடைசி வேலை நாளும் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். மிரட்டி ராஜினாமா வாங்கியிருந்தால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் சர்ச்சை நிர்வாக முத்தரப்புக் கூட்டணியிடம் முறையிடலாம். சம்பள பாக்கி என்றால் வேலையை விட்ட ஆறு மாதத்துக்குள்.

முன்னறிவிப்புக் காலம் ஒப்பந்தத்தில் சொல்லப்படவில்லையா? வேலை நியமனச் சட்டம் பேசும்: ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு 4 வாரம், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் 2 வாரம்.

ஆட்குறைப்பு அனுகூலம் வேறு கதை. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. இரண்டாண்டு சேவை முடித்தவருக்கு, ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் வரையிலான சம்பளம் கொடுப்பது வழக்கம் என்று முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்பு சொல்கிறது. தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் உள்ள இடங்களில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மாதம். ஒப்பந்தமும் இல்லை, சங்கமும் இல்லை என்றால் பேசித்தான் வாங்க வேண்டும், கேட்பதில் வெட்கமில்லை. வேலை இழப்புக்கு ஈடாகக் கிடைக்கும் இந்தத் தொகைக்கு வருமான வரி கிடையாது, மத்திய சேமநிதிப் பிடித்தமும் கிடையாது.

குறைந்தது 10 ஊழியர்கள் உள்ள நிறுவனம், ஊழியரிடம் சொன்ன ஐந்து வேலை நாளுக்குள் மனிதவள அமைச்சுக்கும் ஆட்குறைப்பைத் தெரிவித்தாக வேண்டும். "அமைச்சுக்குத் தெரிவித்துவிட்டீர்களா?" என்று வெளியேறும் முன் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். தெரிவித்திருந்தால் வேலை தேட உதவும் அமைப்புகள் உங்களைத் தேடிவர வாய்ப்புண்டு.

அடுப்பு எரிய வேண்டிய காசு

பயிற்சியைப் பற்றி யோசிக்க நிதானம் வேண்டும். நிதானத்துக்குக் காசு வேண்டும். 2025 ஏப்ரலில் நடப்புக்கு வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. முதல் மாதம் 1,500, இரண்டாம் மாதம் 1,250, மூன்றாம் மாதம் 1,000, பிறகு மூன்று மாதங்களுக்கு 750. தொகை இறங்கிக்கொண்டே போவது தற்செயலல்ல. சீக்கிரம் வேலைக்குப் போ என்று முதுகில் கைவைத்துத் தள்ளும் ஏற்பாடு அது.

21 வயதை எட்டிய குடிமக்களில், அண்மைய 12 மாதத்தில் குறைந்தது ஆறு மாதம் வேலை செய்து, சராசரி மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்கு மேற்படாதவர்கள் இதற்குத் தகுதி பெறுவார்கள். வசிக்கும் வீட்டின் ஆண்டு மதிப்புக்கும் ஒரு வரம்பு உண்டு. வீவக வீட்டுக்காரர்கள் அதைப் பற்றிப் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. நிரந்தரவாசிகளுக்கு 2026 முதல் காலாண்டிலிருந்து விரிவுபடுத்துவதாக அறிவிக்கப்பட்டது. பணம் சும்மா வராது. வேலைக்கு விண்ணப்பிப்பது, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரைச் சந்திப்பது, பயிற்சிக்குப் போவது என்று மாதம் 10 புள்ளி சேர்த்தால்தான் அந்த மாதத் தொகை வரும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எங்கே, எப்போது, யாருக்கு விண்ணப்பித்தோம் என்று எழுதிவாருங்கள். புள்ளிக்கும் உதவும், மறதிக்கும் உதவும்.

5,000 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தவருக்கு இந்தக் கதவு மூடியிருக்கிறது. அவர்களுடைய வீட்டுக்கடன் பெரும்பாலும் பெரியது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சேமநிதியிலிருந்து வீட்டுத் தவணை கட்டுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வேலை இல்லாத மாதங்களில் சாதாரணக் கணக்குக்குப் புதுப் பணம் வராது. மிச்சம் எத்தனை மாதம் தாங்கும் என்று இன்றே பார்த்துவிட்டு, தவணை தவறும் முன்னரே வீவகவிடமோ வங்கியிடமோ பேசுங்கள். தவறிய பிறகு பேசுவது கடினமான பேச்சு.

பிள்ளைகளின் துணைப்பாடச் செலவுதான் பல வீடுகளில் முதலில் வெட்டப்படுவது. வெட்டும் முன் சிண்டாவைக் கேளுங்கள். சம்பளத்திலிருந்து மாதாமாதம் நீங்கள் கட்டிய சந்தாவில் நடக்கும் அமைப்பு அது. குறைந்த கட்டணத் துணைப்பாட வகுப்புகள் அங்கே உண்டு. கேட்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் நம்மில் அதிகம். நிலைமை இன்னும் இறுக்கம் என்றால் வட்டாரச் சமூக சேவை அலுவலகத்தில் கொம்கேர் உதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

வகுப்புப் பட்டியலை மூடுங்கள், வேலை விளம்பரங்களைத் திறங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறதென்றால் இதைப் படியுங்கள்.

மைகரியர்ஸ்ஃபியூச்சர் வேலைவாய்ப்புத் தளத்தில் நீங்கள் செய்யக்கூடும் என்று நினைக்கும் ஒரு வேலையின் பெயரைத் தட்டுங்கள். ஒரே பெயரில் இருபது விளம்பரங்களைச் சேகரியுங்கள். அச்சடித்தாலும் சரி, கைப்பேசியில் வைத்தாலும் சரி. ஒவ்வொன்றிலும் என்ன கேட்கிறார்கள் என்று கோடு போடுங்கள். மூன்று விதமான விஷயங்கள் தேறும். உங்களிடம் ஏற்கெனவே இருப்பது, உங்களிடம் இல்லாத ஒரு சான்றிதழ் அல்லது மென்பொருள், உங்களிடம் இல்லாத அனுபவம். இருபதில் பதினைந்து விளம்பரம் ஒரே உரிமத்தைக் கேட்கிறதா? அதுதான் உங்கள் வகுப்பு. போய்ச் சேருங்கள், யோசிக்காதீர்கள். எல்லா விளம்பரமும் "இரண்டாண்டு அனுபவம்" என்று கேட்கிறதா? அப்படியானால் எந்த வகுப்பும் அந்த ஓட்டையை அடைக்காது. வேறு வழி பார்க்க வேண்டும்; அந்த வழியைக் கீழே சொல்கிறேன்.

இந்த வேலையைச் செய்யாமல்தான் பலர் தரவுப் பகுப்பாய்வுக்குப் போய் விழுகிறார்கள். வகுப்பு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வெளியே வந்து நிற்கும் வரிசையில், அதையே மூன்றாண்டு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த 24 வயதுப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். 48 வயதில் தொடக்கநிலைப் பகுப்பாய்வாளராக அந்த வரிசையில் நிற்பதற்கும், பதினைந்தாண்டு கிடங்கு நடத்திய அனுபவத்தோடு அதே பகுப்பாய்வைக் கற்றுக்கொண்டு விநியோகத் துறையிலேயே இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னதில் உங்கள் வயது மட்டுமே தெரியும். பின்னதில் உங்கள் அனுபவமும் தெரியும்.

எனவே பக்கத்துத் தொழிலுக்கு மாறுங்கள். ஏழு கடல் தாண்டிப் போக வேண்டாம். கிடங்கு மேற்பார்வையாளர் மருத்துவமனையின் பொருள் விநியோகப் பிரிவுக்குப் போகலாம். உற்பத்தி ஆலையின் இயந்திர இயக்குநர் பகுதிக்கடத்தித் துறையில் சாதனத் தொழில்நுட்பராகலாம். வங்கியின் பின்னணிப் பிரிவில் காகிதம் சரிபார்த்தவருக்குச் சட்ட இணக்கப் பிரிவு அந்நியமல்ல. 2020இல் கொவிட் காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்சின் விமானச் சிப்பந்திகள் பலர் மருத்துவமனைகளில் பராமரிப்புத் தூதர்களாக வேலை செய்தது நினைவிருக்கலாம். கோபத்தில் இருக்கும் பயணியைச் சமாளித்தவருக்குப் பயத்தில் இருக்கும் நோயாளியின் உறவினரைச் சமாளிக்கத் தெரிந்திருந்தது. மருத்துவமனை வழக்கங்களை மட்டும் புதிதாகக் கற்றுக்கொண்டால் போதும்.

தமிழ்க் குடும்பங்கள் அதிகம் கவனிக்காத ஒரு துறை பாலர் பள்ளி. பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கான வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம் இருக்கிறது. தமிழில் கதை சொல்லத் தெரிந்த, பிள்ளைகளோடு பொறுமையாக இருக்கத் தெரிந்த நடுவயதுக்காரர்களுக்கு அங்கே இடம் உண்டு. பாதுகாவல் துறையையும் இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். படிப்படியான சம்பள முறையில் முழுநேரப் பாதுகாவல் அதிகாரியின் தொடக்க மாதச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி. 2028இல் அது 3,530 வெள்ளியாக வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். உரிமத்துக்கான பயிற்சி சில நாள் வேலைதான்.

நாற்பது என்ற கோடு

பயிற்சிக்கு அரசாங்கம் கொடுப்பதைப் புரிந்துகொள்ள ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும்: 40. அந்த வயதைத் தொட்டுவிட்ட குடிமக்களுக்கும் தொடாதவர்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

25 வயதை எட்டிய குடிமக்கள் எல்லாருக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி உண்டு. அது காலாவதியாகாது. 2020இல் ஒருமுறை போட்ட கூடுதல் 500 வெள்ளி 2025 முடிவோடு காலாவதியாகிவிட்டது. அது இன்னும் இருக்கிறது என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். 40 வயதை எட்டியவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து கூடுதலாக 4,000 வெள்ளி. இதற்குக் கெடு கிடையாது. ஆனால் வேலை வாய்ப்போடு நேரடித் தொடர்புள்ள, தேர்ந்தெடுத்த வகுப்புகளுக்கு மட்டும்தான் செல்லும். கேக் செய்யும் வகுப்புக்கு 500ஐ வேண்டுமானால் செலவழியுங்கள்.

வகுப்புக் கட்டணத்திலும் அதே கோடுதான். மூன்று முதல் பன்னிரண்டு மாதம் வரை நடக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வாழ்க்கைத்தொழில் மாற்றப் பயிற்சிகளில் குடிமக்களுக்கு 70 விழுக்காடு வரை கட்டணக் கழிவு, 40 வயதானவருக்கு 90 விழுக்காடு வரை. ஆறு மாதத்துக்கு மேல் வேலை இல்லாதவர், கொம்கேர் உதவி பெறுபவர் போன்றோருக்கு 95 விழுக்காடு வரை போகும். முழுக் கட்டணம் 10,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 46 வயதுக்காரர் கட்ட வேண்டியது 1,000 வெள்ளியும் பொருள் சேவை வரியும். அதையும் 4,000 வெள்ளிக் கணக்கிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். 38 வயதுக்காரருக்கு அதே வகுப்பு 3,000 வெள்ளி.

அடுத்தது படித்தொகை. முழுநேரமாக நீண்ட வகுப்பில் சேரும் 40 வயதானவருக்கு, அண்மைய 12 மாதச் சராசரி வருமானத்தில் பாதி மாதாமாதம் கிடைக்கும். குறைந்தது 300, அதிகம் 3,000 வெள்ளி. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 24 மாதம்வரை பெறலாம். 4,200 வெள்ளி வாங்கிக்கொண்டிருந்த 46 வயதுக் கிடங்கு மேற்பார்வையாளர் ஒருவர் ஆறு மாத முழுநேர வகுப்பில் சேர்ந்தால் மாதம் 2,100 வெள்ளி வீட்டுக்கு வரும். சுயதொழில் செய்தவரும் வருமானத்தைக் காட்டிப் பெறலாம். எல்லா வகுப்புக்கும் இது பொருந்தாது. அதனால் வகுப்பில் சேரும் முன்னரே, அந்த வகுப்பு படித்தொகைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை தேடுவோர் உதவித்தொகையை ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தால், படித்தொகையோடு அது எப்படிப் பொருந்தும் என்பதையும் ஆலோசகரிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

38 வயதில், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு, வீட்டுக்கடனின் நடுவே வேலை இழப்பவருக்கு இந்தக் கோடு நியாயமாகப் படாது. எனக்கும் படவில்லை. நடுவயதில் வேலை மாறுவதுதான் கடினம் என்ற வாதம் சரிதான். ஆனால் முப்பத்தெட்டில் செலவு குறைவு என்று யார் சொன்னது? கோடு நகரும்வரை, அந்த வயதுக்காரர்களுக்கு அடுத்த பகுதி இன்னும் முக்கியம்.

40 வயதானவர்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாவது முழுநேரப் பட்டயப்படிப்பைக்கூட 2025 கல்வியாண்டிலிருந்து கட்டணக் கழிவோடு படிக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது. வீட்டில் இன்னொருவர் நல்ல சம்பளம் வாங்குகிறார், நுழைய நினைக்கும் தொழில் பட்டயம் இல்லாமல் உள்ளே விடாது என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும் யோசியுங்கள்.

சம்பளம் வாங்கிக்கொண்டே படிப்பது

அனுபவம் இல்லை என்பதே உங்கள் ஓட்டை என்றால் அதற்கு மருந்து வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம். ஊழியரணி சிங்கப்பூர் அமைப்பு நடத்துவது. மேலே சொன்ன மாற்றப் பயிற்சியோடு பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். அது முதலில் வகுப்பு, பிறகு வேலை. இது முதலில் வேலை. நிறுவனம் உங்களை முழுச் சம்பளத்தில் எடுத்துக்கொள்கிறது, வேலையிலேயே பயிற்சி கொடுக்கிறது. பயிற்சிக் காலத்தில் உங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியை, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அரசாங்கம் நிறுவனத்துக்குத் திருப்பித் தருகிறது. சாதாரணமாக 70 விழுக்காடு வரை. ஊழியர் 40 வயதானவராகவோ ஆறு மாதத்துக்கு மேல் வேலை இல்லாதவராகவோ இருந்தால் 90 விழுக்காடு வரை. நிரந்தரவாசிகளும் இதில் வரலாம். வயது 38 ஆனாலும் வரலாம்.

என்னைக் கேட்டால் இருக்கும் திட்டங்களில் ஆகச் சிறந்தது இதுதான். படித்து முடித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வியே இதில் எழாது. ஆனால் நீங்கள் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பல சிறு நிறுவனங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே நீங்களே சொல்லுங்கள். முதல் நேர்காணலில் வேண்டாம். அங்கே உங்கள் வேலையைப் பற்றிப் பேசுங்கள். அவர்கள் ஆர்வம் காட்டி, ஆனால் "இந்தத் துறையில் அனுபவம் இல்லையே" என்று இழுக்கும் இடத்தில் சொல்லுங்கள்: "என்னை எடுத்துக்கொண்டால் பயிற்சிக் காலத்தில் உங்களுக்குச் சம்பள ஆதரவு கிடைக்க வாய்ப்பிருக்கிறது, விவரம் அனுப்பட்டுமா?" வயதைப் பற்றி மனத்துக்குள் தயங்கும் முதலாளிக்கு, அந்த வயதுதான் 90 விழுக்காட்டைத் தருகிறது என்று தெரிந்தால் கணக்கு மாறும். வேலையில் சேர்ந்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். சேரும் முன்னரே பேசிமுடிக்க வேண்டிய விஷயம் இது.

இரு தரப்புக்கும் சந்தேகம் இருந்தால் வேலை முன்னோட்டத் திட்டம் இருக்கிறது. மூன்று மாதம்வரை வேலை செய்து பார்க்கலாம். அந்தக் காலத்தில் படித்தொகை அரசாங்கத்திடமிருந்து வரும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். துறை மாறும்போது சம்பளம் இறங்கக்கூடும். 6,000 வாங்கியவர் 4,500இல் தொடங்க வேண்டி வரலாம். எந்த எண்ணுக்குக் கீழே வீடு ஓடாது என்று துணைவியாரோடோ கணவரோடோ உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டு நேர்காணலுக்குப் போங்கள். அந்த எண் தெரியாதவர்கள்தான் வந்த முதல் வாய்ப்பைப் பயத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் வந்த நல்ல வாய்ப்பைக் கௌரவத்தில் விடுகிறார்கள்.

வகுப்பில் சேரத்தான் வேண்டும் என்றால்

பயிற்சி நிறுவனத்தை அழைத்து, போன தொகுப்பில் படித்தவர்களில் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், என்ன வேலைக்கு, எந்த நிறுவனங்களுக்கு என்று கேளுங்கள். "எங்கள் மாணவர்கள் பல துறைகளில் இருக்கிறார்கள்" என்பது பதிலல்ல. மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் வகுப்புகளுக்கு நட்சத்திரங்கள் இருக்கும். அதில் இரண்டு வகை உண்டு: வகுப்பு முடிந்த கையோடு எடுக்கும் கருத்து ஒன்று, ஆறு மாதம் கழித்து அந்தப் பயிற்சி வேலையில் உதவியதா என்று கேட்டு எடுப்பது இன்னொன்று. ஆசிரியர் கலகலப்பானவர் என்றால் முதல் நட்சத்திரம் கூடும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை.

வருகைப்பதிவு விளையாட்டல்ல. கட்டணக் கழிவு நிலைக்கப் பொதுவாக 75 விழுக்காடு வருகையும் மதிப்பீட்டில் தேர்ச்சியும் வேண்டும். நடுவில் வேலை கிடைத்துப் பாதியில் விட்டால், அதுவரை அரசாங்கம் கொடுத்த கழிவை நீங்களே கட்ட நேரிடலாம். அப்படி நேர்ந்தால் என்ன விதி என்று சேரும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தொழிற்சங்க உறுப்பினர்கள், கழிவு போக மிஞ்சும் கட்டணத்தில் ஒரு பகுதியை என்டியுசியின் பயிற்சி உதவித் திட்டத்திலிருந்தும் கேட்கலாம்.

ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதத் தடுமாறுகிறவர்கள் பெரிய வகுப்புக்கு முன் வேலையிட ஆங்கில வகுப்பு ஒன்றை முடித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான பாடங்களும் தேர்வுகளும் ஆங்கிலத்தில்தான்.

வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து வந்து வேலை அனுமதியிலோ எஸ் பாஸிலோ இருப்பவர்களுக்கு மேலே சொன்ன கட்டணக் கழிவும் படித்தொகையும் கிடையாது. எம்ப்ளாய்மெண்ட் பாஸ்காரர்களுக்கும் அப்படித்தான். எம்ப்ளாய்மெண்ட் பாஸ் ரத்தானதும் அதை வைத்திருந்தவருக்குப் பொதுவாக 30 நாள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் புது நிறுவனம் பார்த்தாக வேண்டும். சம்பள பாக்கி இருந்தால் ஊருக்கு டிக்கெட் போடும் முன் முறையிடுங்கள், போன பிறகு அல்ல. வெளிநாட்டு ஊழியர் நிலையம் இதற்கு உதவும்.

எங்கே போவது?

ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் கழகக் கட்டடத்தில் இருக்கும் என்டியுசியின் இ2ஐ, பாய லேபாரில் வாழ்நாள் கற்றல் கழகத்தில் இருக்கும் ஊழியரணி சிங்கப்பூரின் வாழ்க்கைத்தொழில் நிலையம் இரண்டிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சந்திப்புக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். ஆட்குறைப்புக் கடிதம், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு, நீங்கள் கோடு போட்ட அந்த இருபது விளம்பரங்கள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். "எனக்கு ஏதாவது வகுப்பு சொல்லுங்கள்" என்று போகிறவருக்கு வகுப்புப் பட்டியல்தான் கிடைக்கும். "இந்த வேலைக்குப் போக என்னிடம் இது குறைகிறது" என்று போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். தொகைகளும் தகுதி விதிகளும் வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒருமுறை மாறுவதால், விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தத் திட்டங்கள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. வகுப்பில் சேர்ந்தால் கைக்கணினி இலவசம், ரொக்கம் திருப்பித் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களையும், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் காலாவதியாகிறது என்று அவசரப்படுத்தி சிங்பாஸ் மறைச்சொல் கேட்கிறவர்களையும் அந்த இடத்திலேயே துண்டித்துவிட்டு 1799 என்ற மோசடித் தடுப்பு எண்ணை அழையுங்கள்.